சாத்தூரில் இருந்தே நடிப்பதா, சாலிகிராமத்துக்குக் குடிபோவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அவள் மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, ஸ்கூல் வேலைய விட்டுட்டு மெட்ராஸ் போயிரட்டுமா? நடிக்கத்தான்."

அவளுக்கு 23 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 12,000 ரூபாய். ஆண்டு விழா நாடகங்களையெல்லாம் அவள்தான் போடுகிறாள். விருதுநகர் கல்லூரிப் பையன்கள் எடுத்த குறும்படம் ஒன்றில் நன்றாகவே நடித்திருந்தாள். மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. 2009 முதல் 2012 வரை நான் சென்னையில், சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமத்தில் சான்ஸ் தேடி அலைந்தவன். இப்போது சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். யாராவது கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டுப் போய் நடித்துவிட்டும் வருகிறேன். டீக்கடைக்காரர், ஏட்டு, பெண்ணின் பெரியப்பா, இந்த மாதிரி.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பது. அன்று ராத்திரி அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். சென்னையில் இருந்த மூன்று வருஷத்தில் நான் கேமரா முன்னால் நின்றது 9 நாள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, 2024 வரைக்கும் பன்னிரண்டு வருஷத்தில் 31 நாள். வருஷத்துக்கு மூன்று நாள், அங்கேயும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அங்கே வாடகை கொடுத்து மூன்று நாள், இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று நாள். அப்படியென்றால் ஊரில் இருப்பதுதான் லாபம் என்று நோட்டை மூடியிருப்பேன். ஆனால் அந்த 31 நாளும் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சென்னை. அங்கே போய் இருப்பதால் என்னதான் கிடைக்கிறது? ஆடிஷன் கிடைக்கும் என்பார்கள். ஆடிஷன் செய்தி இப்போது எல்லார் வாட்ஸாப்பிலும் வருகிறது, அதற்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்பதற்குத்தான் வாடகை. நான் முதன்முதலில் வசனம் பேசிய வேலை ஆடிஷனில் வரவில்லை. வளசரவாக்கத்தில் ஒரு வீட்டில் ஷூட்டிங். வர வேண்டிய ஆர்ட்டிஸ்ட் வரவில்லை. என் ரூம்மேட் அந்தப் படத்தில் ஆறாவது அசிஸ்டென்ட் டைரக்டர். காலை ஏழரைக்கு போன்: "மாப்ள, வெள்ளைச் சட்டை இருக்கா? அரை மணி நேரத்துல வா." இருபத்தைந்து நிமிஷத்தில் போய் நின்றேன். நாலு வரி டயலாக். சாத்தூரில் இருந்திருந்தால் அந்த போனே எனக்கு வந்திருக்காது. சின்ன கேரக்டர்களில் பாதி இப்படித்தான் நிரம்புகிறது. யார் நன்றாக நடிப்பார் என்று யோசிக்க அங்கே நேரம் இருப்பதில்லை, யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்தில் இருப்பதன் விலை மருமகளுக்கு எவ்வளவு ஆகும்? வடபழனியில் அவள் விசாரித்த பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டோடு 8,500. பஸ், மெட்ரோ, போன், துணிமணி, ஒரு தடவை நல்ல போட்டோ என்று சேர்த்தால் மாதம் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்பாள். பார்க்கலாம்தான். ஆனால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தி.நகர் கடையில் நின்றால், சென்னையில் இருந்தும் அந்த ஏழரை மணி போனுக்குப் போக முடியாது. அப்புறம் எதற்கு சென்னை? இந்த முடிச்சை அவிழ்க்காமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ராத்திரி ஷிப்ட், டெலிவரி, வீட்டில் இருந்தே செய்கிற டேட்டா வேலை, இந்த மாதிரி பகல் கையில் இருக்கிற பிழைப்பு அமைந்தவர்கள்தான் அங்கே மூன்றாவது வருஷம் தாண்டி நிற்கிறார்கள்.

பெண் என்றால் கூடுதலாக ஒன்று. பெரும்பாலான ஹாஸ்டல் கேட்டை ஒன்பது, ஒன்பதரைக்குப் பூட்டிவிடுவார்கள். சீரியல் ஷூட்டிங் முடிவதே அந்த நேரம்தான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ராத்திரி பத்தேகாலுக்குத் தெருவில் நின்றுகொண்டு வார்டனுக்கு போன் போடும்போதுதான் அதன் எடை தெரியும். 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை மலையாள சினிமாவில் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றியது. படித்தவர்கள் யாருக்கும் அது மலையாளத்தோடு நிற்கிற கதை என்று தோன்றியிருக்காது. ராத்திரியில் டிஸ்கஷன் என்று கூப்பிட்டால் போகாதே, முதல் தடவை எந்த ஆபீஸுக்கும் தனியாகப் போகாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரியும் மாமா" என்றாள். தெரிந்திருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

காசு கேட்கிற கம்பெனி பற்றியும் சொன்னேன். 2010இல் மாடிப்படி ஏறிப் போகிற ஓர் ஆபீஸில் "ஆர்ட்டிஸ்ட் கார்டு போட்டுத் தர்றோம், மூணு படம் நிச்சயம்" என்று 12,000 வாங்கினார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கார்டு வந்தது, லேமினேட் பண்ணி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் போனபோது அந்த மாடியில் டெய்லர் கடை. நடிக்க வந்தவனுக்குக் கம்பெனி காசு கொடுக்க வேண்டும், அவன் கம்பெனிக்குக் கொடுக்கிறான் என்றால் அது வேறு தொழில்.

சரி, ஊரிலேயே இருந்துகொண்டு கூப்பிடும்போது போய் வந்தால்?

சாத்தூரிலிருந்து எழும்பூர் 560 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் சென்னை. ஸ்லீப்பரில் போகவர ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், சாப்பாடு ஆட்டோ சேர்த்தால் ஒரு நடைக்கு ஆயிரத்து ஐந்நூறு. மாதம் இரண்டு நடை என்றாலும் சென்னையில் தங்குகிற மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. காகிதத்தில் இதைப் போல உத்தமமான வழி கிடையாது.

ஆனால் சினிமாவில் ஆடிஷனுக்கு யாரும் ஐந்து நாள் முன்னால் சொல்வதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு போன் வரும்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க." அன்று ராத்திரி ரயிலுக்குத் தட்கல் முந்தின நாள் பதினோரு மணிக்கே திறந்து முடிந்திருக்கும். அன்ரிசர்வ்டில் கக்கூஸ் கதவோரம் உட்கார்ந்து போகலாம், இல்லாவிட்டால் பஸ். பஸ்ஸில் முன்பெல்லாம் கோயம்பேடு வரைக்கும் போய் இறங்குவோம், வடபழனி எட்டிப்பிடிக்கிற தூரம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ் அங்கேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வடபழனிக்கு முப்பது கிலோமீட்டர் பக்கம். விடியற்காலையில் இன்னொரு பஸ், இன்னொரு ஒன்றரை மணி நேரம். 2023 செப்டம்பரில் வந்த நெல்லை வந்தே பாரத் வேகமான வண்டிதான். அதில் போகிறேன் என்று ஒரு தடவை ஆசைப்பட்டேன். அது சாத்தூரில் நிற்காது, விருதுநகரில் போய் ஏற வேண்டும். காலையில் கிளம்பி மதியம் இரண்டு மணி வாக்கில்தான் எழும்பூர் போகும். பத்து மணி ஆடிஷனுக்கு அது எதற்கு?

ராத்திரி முழுக்க உட்கார்ந்து போன முகத்தோடு கேமரா முன்னால் நிற்பது தனிக் கலை. தேய்த்த சட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சீட்டுக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். எழும்பூர் ஸ்டேஷன் கட்டணக் கழிப்பறையில் ஷேவ் பண்ணிவிட்டு, ஈரத் துண்டைக் கண்ணில் ஐந்து நிமிஷம் வைத்துக்கொள்வேன். பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்கும்போது ஆரம்பத்தில் சாத்தூர் என்று பெருமையாகச் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருக்கும் அசிஸ்டென்டின் பேனா அந்த இடத்தில் நின்றுவிடும். இரண்டாவது ஸ்கெட்யூலுக்கு இந்த ஆளுக்கு டிக்கெட், ரூம் எல்லாம் போட வேண்டுமே என்று அவர் யோசிப்பது அந்தப் பேனாவிலேயே தெரியும். அதனால் பிறகு "சாலிகிராமத்துல பிரெண்டு ரூம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி உண்மை.

கொரோனாவுக்குப் பிறகு இந்த வழி கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. முதல் சுற்றை வீடியோ எடுத்து அனுப்பு என்கிறார்கள். ஆபீஸில் ஆறரை மணிக்கு ஆட்கள் போன பிறகு கணக்கு ரூமில் எடுப்பேன். பேரேடுகளை அடுக்கி அதன்மேல் போன். பின்னால் வெறும் சுவர், காலண்டர் இருந்தால் கழற்றிவிட வேண்டும். வெளிச்சம் வாசல் பக்கமிருந்து முகத்தில் விழ வேண்டும், தலைக்கு மேலே இருக்கிற டியூப்லைட்டை நம்பினால் கண்ணுக்குக் கீழே குழி விழும். எதிர் வசனம் பேச வாட்ச்மேன் அண்ணாச்சி. காதல் காட்சியானாலும் கொலைக் காட்சியானாலும் ஒரே குரலில் வாசிப்பார், நான் சிரிக்காமல் நடிப்பதே பெரிய பயிற்சி. இப்படி அனுப்பியதில் எத்தனை வேலைக்கு வந்தது? அந்த 31 நாளில் 3 நாள்.

இனி மூன்றாவது வழி: சென்னையை நினைக்காமல், நம் பக்கம் வருகிற வேலையைப் பிடிப்பது.

நான் சென்னைக்குப் போனதே ஒரு வேடிக்கை. 2007இல் 'பருத்திவீரன்', 2008இல் 'சுப்ரமணியபுரம்' என்று மதுரைப் பக்கத்து முகங்களும் பேச்சும் திரையில் வரிசை கட்டிய நேரம். நம்ம மூஞ்சிக்கும் காலம் வந்துவிட்டது என்று 2009இல் பெட்டியைக் கட்டினேன். நான் சாலிகிராமத்தில் ஆபீஸ் ஆபீஸாக போட்டோ கொடுத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஒரு கம்பெனி சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வந்து இருபது நாள் ஷூட்டிங் நடத்தி, எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரருக்கு ஆறு நாள் வேலை கொடுத்துவிட்டுப் போனது. ஊருக்கு வந்தபோது அவர் என்னிடம் "நீ இருந்திருந்தா ஒன்னத்தாம்ப்பா கை காட்டியிருப்பேன்" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த வழியின் உச்சம் என்றால் இரண்டு பேரைச் சொல்லலாம். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் அப்பாவாக நடித்த நெல்லை தங்கராசு, வாழ்நாள் முழுக்கப் பெண் வேஷம் கட்டிய கூத்துக் கலைஞர். 2022இல் வந்த 'கடைசி விவசாயி'யின் நாயகன் நல்லாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்து நிஜ விவசாயி. அவருக்கு 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. இரண்டு பேரையும் தேடிக்கொண்டு சினிமாதான் வந்தது. இதைச் சொல்லி ஊரிலேயே இரு என்று அறிவுரை சொல்கிறவர்கள் மிச்சத்தைச் சொல்வதில்லை. நல்லாண்டி படம் வெளியாகும்போது உயிரோடு இல்லை. தங்கராசு படத்துக்குப் பிறகும் சிரமப்பட்டார், மாவட்ட நிர்வாகம் வீடு கட்டிக் கொடுத்த செய்தி வந்தது, 2023இல் காலமானார். உள்ளூர் முகத்தை எடுக்கிற படம் அந்த முகத்தை அந்த ஒரு படத்துக்குத்தான் எடுக்கிறது. அடுத்த கம்பெனி அடுத்த ஊருக்குப் போய்விடும். இதை வேலை என்று எண்ணலாம், பிழைப்பு என்று எண்ண முடியாது.

இந்த வழியில் போகிறவர்கள் செய்ய வேண்டியது, ஷூட்டிங் வந்த பிறகு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே லொகேஷன் பார்க்க அசிஸ்டென்டுகள் வருவார்கள். வேன்காரர், லாட்ஜ் மேனேஜர், மண்டபத்துக்காரர், சாப்பாடு போடுகிற மெஸ் இந்த நாலு பேருக்கும்தான் முதலில் தெரியும். அந்த நாலு பேரிடமும் நம் போட்டோவும் நம்பரும் இருக்க வேண்டும். எனக்கு இப்படி 11 நாள் வேலை வந்திருக்கிறது, அதில் பெரும்பாதி ஒரே வேன்காரர் புண்ணியம். பேச்சும் இங்கே கைகொடுக்கும். சென்னையில் ஒரு சீரியல் ஆடிஷனில் "ஸ்லாங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றார்கள். இங்கே வந்த அசிஸ்டென்ட் நான் சுத்தமாகப் பேச முயற்சி பண்ணுவதைப் பார்த்துவிட்டு "அண்ணே, வீட்ல பேசுற மாதிரியே பேசுங்க" என்றார். மருமகள் "அங்கிட்டு, இங்கிட்டு" என்று பேசுகிற பிள்ளை. அது எந்தப் பக்கம் சொத்து, எந்தப் பக்கம் கடன் என்று அவள் யோசிக்க வேண்டும்.

சினிமா மட்டும்தான் நடிப்பா என்று ஒருவர் கேட்கலாம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் என்கிற நாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகையே கிடையாது, அன்றைக்கு மேடையில்தான் சந்திப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாட்டையும் வசனத்தையும் தலையில் வைத்துக்கொண்டு, எதிராளி எங்கே இழுத்தாலும் அங்கே போய்ப் பிடிக்கிற நடிப்பு. சென்னையில் வருஷக்கணக்காகக் காத்திருக்கிற பையனைவிட இந்த ஸ்திரீபார்ட்காரர்கள் ஒரு சீசனில் அதிக நேரம் நடிக்கிறார்கள், கையில் காசும் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நம் பக்கத்தின் நிஜமான நடிப்புத் தொழில். மருமகளுக்குப் பாட்டு ஓரளவு வரும். ஆனால் அக்காவிடம் ஸ்திரீபார்ட் என்று சொன்னால் "சினிமாவே தேவலைடா" என்பாள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நூறு வருஷ அசிங்கமான கதை இருக்கிறது, இப்போது வேண்டாம்.

படித்துவிட்டுப் போகலாமே என்பது நாலாவது யோசனை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது, அவளுக்கு டிகிரி இருப்பதால் எழுதிப் பார்க்கலாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளி மூன்று வருஷம், இந்தியில் தடுமாறாத பிள்ளைகளுக்கு. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமம், அங்கே 1949இல் தொடங்கிய நீனாசம் என்ற நாடக அமைப்பு ஒரு நடிப்புப் பள்ளியே நடத்துகிறது. எல்லாம் கன்னடத்தில். அதைப் படிக்கும்போதெல்லாம் நம் பக்கம் ஒரு கிராமத்துக்கு இப்படி வாய்க்கவில்லையே என்று இருக்கும். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் என்று எத்தனையோ நடிகர்கள் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராகச் சேர்ந்தவர். நானும் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை என்னிடம் சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. "நம்ம ராஜபாளையத்துக்காரர்தானே, அவர் போய் ஜெயிக்கலையா?" என்பார்கள். அவர் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டவர்.  23 வயதில் தனியாகப் பெட்டி தூக்குகிற பிள்ளைக்கு அவர் கதை அளவுகோல் ஆகாது.

இப்போது அந்த 31 நாளுக்கு வருகிறேன். வீடியோ அனுப்பி 3, உள்ளூர் ஷூட்டிங்கில் 11. மிச்சம் 17 நாள்? அத்தனையும் சாலிகிராமம் மெஸ்ஸில் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள், ரூமில் பாய் பகிர்ந்தவர்கள் கூப்பிட்டது. அன்றைக்கு ஆறாவது அசிஸ்டென்டாக இருந்த அதே பையன் இப்போது கோ-டைரக்டர். "ஏட்டு கேரக்டர் ஒண்ணு, நீ வந்தா கரெக்டா இருக்கும்" என்று தேதி சொல்லிக் கூப்பிடுகிறான், டிக்கெட்டும் போட்டுவிடுகிறான். நான் ஊரில் நிம்மதியாக உட்கார்ந்து நடிப்பதற்கு, அங்கே நிம்மதியில்லாமல் உட்கார்ந்திருந்த மூன்று வருஷம்தான் முதலீடு. ஆகவே ஊரிலேயே இரு என்று நான் அவளிடம் சொன்னால் அது பொய்க்கணக்கு. வேலையை விட்டுவிட்டுப் போ என்று சொன்னாலும் பொய்க்கணக்குதான், ஏனென்றால் எனக்குப் பயன்பட்டது மூன்று வருஷமுமில்லை. நோட்டில் பெயர்களைப் பார்த்தால், இன்றுவரை என்னைக் கூப்பிடுகிற ஐந்து பேரில் நாலு பேரை முதல் ஏழு மாதத்திலேயே சந்தித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அங்கே இருந்தது பெரும்பாலும் ரோஷத்துக்காக.

வயதும் வேஷமும் சேர்ந்துதான் இதை முடிவு பண்ணும். நாற்பது தாண்டிய, குடும்பம் உள்ள, ஏட்டு, பெரியப்பா மாதிரி முகத்துக்கு ஊரே போதும். பெரியப்பாக்களுக்கு அவசரம் இல்லை, ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். சீரியலில் தங்கை, தோழி, மருமகள் வேஷம் கட்டுகிற வயசுப் பெண்ணுக்குச் சென்னையை விட்டால் வழியில்லை. சீரியல் என்றால் மாதத்தில் பாதி நாள் கூப்பிடுவார்கள், ரயிலில் போய் வந்து செய்கிற காரியம் இல்லை அது. அவளுக்கு சினிமாதான், கிராமத்துக் கதைதான் என்றால் இங்கே இருந்துகொண்டே வேன்காரரிடம் போட்டோ கொடுக்கலாம். எது வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சேவைக் கொறித்துக்கொண்டிருந்துவிட்டு "எது வந்தாலும்" என்றாள். அந்த வயதில் நானும் அதைத்தான் சொன்னேன்.

கடைசியில் நான் சொன்னது இது. வேலையை விடாதே. கோடை விடுமுறை வருகிறது, அதோடு சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதம் கேள். இரண்டரை மாதம். நாற்பதாயிரம் ரூபாய், பாதி அவள் சேமிப்பு, பாதி நான். போகும்போதே திரும்பி வருகிற தேதிக்கு டிக்கெட் போட்டுக்கொள். கேட் பத்தரைக்குப் பூட்டுகிற ஹாஸ்டலாகப் பார், ஆயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. அங்கே இருக்கிற நாளில் எத்தனை ஆடிஷன் போனாய் என்று எண்ணாதே, எத்தனை பேருக்கு உன் பெயர் ஞாபகம் இருக்கும் என்று எழுதி வை. வந்த பிறகு நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுவோம்.

"சரி மாமா" என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா காபியோடு வருகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அக்கா இரண்டு தடவை போன் பண்ணினாள், நான் இன்னும் சொல்லவில்லை.